கையில் வாங்கியவள்

அத்தியாயம் 11

ஊரே புகழ்ந்துகொண்டிருந்த அந்த ஒரு வாரமும் ஜெஸ்ஸிக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தது இதுதான். நாவலூர் அலுவலகத் தோழிகளோடு போயிருந்தாள். கரையோரம் மணலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் குழந்தையைப் பெரிய அலை ஒன்று சுருட்டி உள்ளே இழுத்துப் போனது. எல்லோரும் கத்தினார்கள். ஜெஸ்ஸியும் கத்தினாள். முழங்கால் நனைகிற வரைக்கும் ஓடினாள். அதற்கு மேல் கால் நகரவில்லை. பயம்.

அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் போனாள். பின்னாலிருந்த மீன் வறுவல் கடையிலிருந்து ஓடி வந்தவள். புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டியதுபோல இழுத்துச் செருகியிருந்தாள். அலை அவளை விழுங்கியது. கடல் மூடிக்கொண்டது. ஜெஸ்ஸி அந்த நேரத்தை எப்படி மறப்பாள்? இரண்டு உயிரும் போய்விட்டன என்றே நினைத்தாள். அப்புறம் பச்சைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு தலை எழுந்தது. அந்தப் பெண்ணின் தோளில் குழந்தை கிடந்தது. இருமியது. அழுதது.

"புடி. தூக்கினு ஓடு!"

குழந்தையை ஜெஸ்ஸியின் கையில் திணித்துவிட்டு, ஈர முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பெண் கூட்டத்தில் மறைந்துவிட்டாள்.

தண்ணீரிலிருந்து நடந்து வந்தவள் ஜெஸ்ஸி. அவள் நெஞ்சோடு குழந்தை. யாரோ எடுத்த படத்தில் இருந்தது அது மட்டும்தான்.

"நான் இல்லீங்க, வேற ஒரு அக்கா" என்று அங்கேயே சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும், "எவ்ளோ அடக்கமான பொண்ணு பாரு" என்றார்கள். மறுநாள் படம் பேப்பரில் வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். வரும் ஞாயிறு ஆராதனையில் அவளைப் பாராட்டப்போவதாக ஆலயத்தில் அறிவித்தார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் எங்கிருந்தோ அவள் எண்ணைப் பிடித்துக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். எப்படியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அச்சரப்பாக்கத்திலிருந்து அத்தை போன் பண்ணினாள்.

ஜெகதாம்பாள் அத்தை. அப்பா ஜெகதீசனின் ஒரே அக்கா. தாயில்லாத தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவள். அவர் ஜெஸ்ஸியின் அம்மா ரெஜினாவை விரும்பி, ஞானஸ்நானம் வாங்கிக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்றைக்கு, "உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொன்னவள். சொன்னபடியே இருந்தாள். ஜெஸ்ஸி பிறந்தபோதும் வரவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா கரும்புக்கட்டோடு அச்சரப்பாக்கம் போவார். அக்கா வீட்டு வேலியில் சாத்தி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தெருவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். கதவு திறந்ததே இல்லை.

அந்த அத்தைதான் கூப்பிட்டு, "ஜெகா, பேப்பர்ல உன் பொண்ணப் பார்த்தேன்டா. ஞாயித்துக்கிழம உங்க கோயில்ல இன்னாமோ கூட்டமாமே, நான் வரேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அப்பா சமையலறைச் சுவரில் சாய்ந்து அழுத அழுகையைப் பார்த்த பிறகு, ஜெஸ்ஸிக்கு வாய் எழவில்லை.

அந்த ஞாயிறு இன்றைக்கு விடிந்துவிட்டது.

*

அணுபுரம் குடியிருப்பில் அவர்கள் வீட்டில் விளக்குப் போடுவதற்கு முன்பே அப்பா எழுந்துவிட்டார். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டார். அது திருப்தியில்லாமல் மறுபடியும் போட்டார்.

"ஜெஸ்ஸி, அக்காவுக்கு மோர்னா ரொம்பப் பிடிக்கும். அம்மாகிட்ட சொல்லு. கோயில் முடிஞ்சதும் வீட்டுக்கு வருவாளோ என்னவோ… வந்தா?"

"அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

அவர் முகத்தைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயசு முகம், பள்ளிக்கூடம் போகிற பையனுடையதைப் போல இருந்தது.

"ஒண்ணுமில்லப்பா. சட்டை நல்லா இருக்கு."

நேரே சமையலறைக்குப் போனாள். அம்மா ரெஜினா மோருக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள் அம்மா. பொய் பேசாதே, பிறர் பொருளை எடுக்காதே என்று அந்தக் குடியிருப்பில் பாதிக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். ஜெஸ்ஸி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினாள்.

கேட்டு முடிக்கும்வரை அம்மா இடிகல்லைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னைக்கு மேடையில கூப்பிடுவாங்கம்மா. சாட்சி சொல்லச் சொல்லுவாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்பா சீட்டியடித்துக்கொண்டு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி… இன்னைக்கு மட்டும் வேண்டாம்" என்றாள் மெல்ல. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கிரு. அடுத்த வாரம் நானே ஆயர்கிட்ட விவரமா சொல்லுதேன். உங்க அப்பா எத்தனை வருஷம் அந்தத் தெருவுல நின்னுருக்காருன்னு உனக்குத் தெரியாதா?"

ஜெஸ்ஸி அறைக்குள் போய்க் கட்டிலோரம் மண்டியிட்டாள். 'ஆண்டவரே, வேற யாராச்சும் கண்டுபிடிச்சுச் சொல்லிடட்டும்' என்று ஒரு வாரமாக ஜெபித்தவள், இன்றைக்கு அதைச் சொல்லக்கூட வெட்கப்பட்டு, வெறுமனே முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டாள்.

*

ஆலயம் நிரம்பி வழிந்தது. பின்னால் ஒரு போன் மூன்றுகால் தாங்கியில் நின்று ஆராதனையை நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தது. குழந்தையின் தாய் வந்திருந்தாள். மடியில் அந்தக் குழந்தை.

ஜெகதாம்பாள் அத்தை கடைசி வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கறுத்து மெலிந்த உடம்பு, நெற்றியில் திருநீறு. எதையும் பார்க்கவில்லைபோல உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே பயந்தவராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்தது. "சகோதரி ஜெஸ்ஸி இப்ப சாட்சி சொல்லுவாங்க" என்றார் ஆயர். கைதட்டல் எழுந்து ஓய்ந்தது.

ஜெஸ்ஸி மைக்கின் முன்னால் நின்றாள். எதிரே அந்தக் குழந்தை, தாயின் வளையலை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. "அக்காவப் பாருடா செல்லம், உன்னைக் காப்பாத்தின அக்கா" என்று தாய் காட்டினாள். குழந்தை நிமிர்ந்து பார்த்தது. அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை. அதற்கு இவளை அடையாளம் தெரியவில்லை. திரும்பவும் வளையலுக்குப் போய்விட்டது.

அந்த ஒரு பார்வையில் ஜெஸ்ஸிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பேர் நம்புகிற ஒன்றை இந்தப் பொடிசு நம்பவில்லை. கடலுக்குள் தன்னைத் தூக்கிய கை எது என்று அதற்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். இந்த இரண்டு பேருக்கு நடுவில் தான் நின்று என்ன பேசுவது?

"இந்தக் குழந்தையை நான் காப்பாத்தல" என்றாள்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் முழங்கால் தண்ணியிலேயே நின்னுட்டேன். பயந்துட்டேன். மீன் வறுக்கிற கடையில வேலை செய்யிற ஒரு அக்காதான் குதிச்சாங்க. இடது புருவத்து மேல பெரிய தழும்பு இருந்துச்சு அவங்களுக்கு. அவங்க கொண்டுவந்து குடுத்தாங்க, நான் கையில வாங்கினேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. முதல்ல சொன்னேன், யாரும் கேக்கல. அப்புறம்… அப்புறம் நானே…"

அப்பாவின் தலை கவிழ்வதைப் பார்த்துவிட்டாள். மேற்கொண்டு ஒரு சொல்லும் வரவில்லை.

பாடகர் வரிசையிலிருந்து யாரோ எழுந்து வந்தார்கள். அம்மா. பக்கத்தில் வந்து நின்று மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"காலையிலேயே எங்கிட்ட சொன்னா இவ. இன்னைக்கு மட்டும் பேசாம இருன்னு சொன்னது நான். உங்க பிள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்துதவ. நீங்களும் ஆண்டவரும் என்னை மன்னிக்கணும்."

அம்மாவின் தோள் தன் தோளோடு உரசியபோது ஜெஸ்ஸிக்கு என்னவோ செய்தது. இதுவரை அம்மாவின் பக்தி என்றால் பாட்டும் ஜெபமும் வெள்ளைப் புடவையும் என்றுதான் நினைத்திருந்தாள். நூறு பேர் முன்னால் தன்னையே தாழ்த்திக்கொள்கிற தைரியம் அதற்குள் இருந்திருக்கிறதா! பெரிய மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதைப்போல அம்மாவைப் பார்த்தாள்.

அப்போது கடைசி வரிசையில் ஜெகதாம்பாள் அத்தை எழுந்தாள். யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று வெளியே நடந்தாள்.

*

ஜெஸ்ஸி ஓடினாள். அப்பாவும் பின்னால் வந்தார். புங்கமரத்தடியில் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா…" என்றார் அப்பா.

"அத்தை, அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. கோபப்படணும்னா என்மேல படுங்க."

அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்தப் பொம்பள எங்க கீறா?"

"யாரு அத்தை?"

"தண்ணிக்குள்ள எறங்கினவ. யாருனா போயி அவளாண்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? சாப்ட்டியா, இருக்கியான்னு கேட்டீங்களா?"

ஜெஸ்ஸி தலை குனிந்தாள். "இல்ல அத்தை."

"அப்ப இன்னாத்துக்கு உள்ள உக்காந்துகினு கைதட்டிகினு கீறீங்க? ஜெகா, வண்டிய எடுடா."

அப்பாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், சாவியைத் தேடி எல்லாப் பாக்கெட்டையும் தட்டினார்.

கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஓடியது. சவுக்குத் தோப்புகளுக்கு இடையில் கடல் வந்து வந்து மறைந்தது.

"நான் அந்த எடத்துல நின்னுகினு இருந்திருந்தா வாயே தொறந்திருக்க மாட்டேன்" என்றாள் அத்தை திடீரென்று, சன்னலைப் பார்த்தபடி. "அதான் எழுந்து வந்துட்டேன். அங்க உக்கார முடில. யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"அம்மாதான் அத்தை."

"அவதானே சொல்லாதன்னா?"

"அதுவும் அம்மாதான்."

அத்தையின் உதட்டோரம் கொஞ்சம் நெளிந்தது. சிரிப்பா என்று ஜெஸ்ஸி உறுதிப்படுத்திக்கொள்வதற்குள் மறைந்துவிட்டது.

*

கடற்கரையில் வெயில் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வரிசையாக மீன் வறுவல் கடைகள். மூன்றாவது கடையில், அகலமான கல்லின் முன்னால் நின்று வஞ்சிரம் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள் அவள். இடது புருவத்தின்மேல் தழும்பு.

ஜெஸ்ஸியைப் பார்த்ததுமே கரண்டி நின்றது.

"அக்கா, அன்னைக்கு… குழந்தையை என் கையில…"

"நான் இல்ல. வேற யாருனா இருக்கும். போம்மா."

ஜெகதாம்பாள் அத்தை முன்னால் வந்தாள். அச்சரப்பாக்கத்தில் நிலம் நீச்சோடு வாழ்கிறவள், யார் முன்னாலும் தலை வணங்காதவள், அந்த எண்ணெய்ப் புகைக்கு நடுவில் இரண்டு கையையும் கூப்பினாள்.

"உன் கையால ஒரு உசுரு நின்னுகினு கீதும்மா. உன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். உன் பேரு இன்னா?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். "சின்னப்பொண்ணு" என்றாள் வாய்க்குள்.

"கடல்ல நீந்த எங்க கத்துகின?"

"கடல்ல இல்லம்மா. எங்க ஊருக் கெணத்துல. புள்ள போறத பாத்ததும் இன்னா ஏதுன்னு யோசிக்கத் தோணல."

"இன்னைக்கு எங்க கோயில்ல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்க்கா" என்றாள் ஜெஸ்ஸி. மனசு நிறைந்திருந்தது. "காப்பாத்தினது நான் இல்ல, இந்த மாதிரி மீன் கடையில இருக்கிற அக்கான்னு. அந்தக் குழந்தையோட அம்மாவும் உங்களைப் பார்க்க ஆசைப்படுவாங்க…"

சின்னப்பொண்ணுவின் முகம் வெளிறிப்போனது.

"சொல்லிட்டியா? எப்பிடின்னு சொன்ன? தழும்பச் சொன்னியா?"

"ஆமாக்கா. ஏன்?"

"வீடியோ ஏதுனா எடுத்தாங்களா?"

"நேரலை… அதுல வரும்."

கரண்டி மணலில் விழுந்தது. சின்னப்பொண்ணு கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கு அன்னிக்கு மூஞ்சிய மூடிகினு ஓடினேன்னு நெனச்ச தங்கச்சி? இந்தத் தழும்பு அந்த ஆளு போட்டது. என் வூட்டுக்காரன். உசுரோட வெளிய வந்ததே பெருசு. தேடிகினே கீறான். பேரு வேணாம், படம் வேணாம், எங்கயோ ஒரு மூலையில மீனத் திருப்பிப் போட்டுகினு கெடக்கலாம்னு கெடந்தேன்."

ஜெஸ்ஸிக்குக் காலின் கீழே மணல் நழுவியது. பாரம் இறங்கியது என்று சந்தோஷப்பட்டாளே, அந்தப் பாரம் இன்னொருத்தி தலையில் அல்லவா இறங்கியிருக்கிறது! தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. இந்தப் பெண்ணின் முகத்தை ஊருக்குச் சொல்ல யாரைக் கேட்டாள்?

"மன்னிச்சிடுங்கக்கா. உங்களைக் கேட்டிருக்கணும். கேக்காம சொல்லிட்டேன்."

அப்பா இவ்வளவு நேரம் பேசாமல் நின்றவர், மெல்லச் சொன்னார்: "நீ காப்பாத்தலன்னு சொன்னது சரிம்மா. அது சொல்ல வேண்டியதுதான். ஆனா இனிமே இவங்களை இங்க விட்டுட்டுப் போனா நாம மனுஷங்களே இல்ல."

"எங்க போவேன் சார்? எனக்கு யாரு கீறாங்க?"

"ஏன், நாங்க இல்ல?" என்றாள் ஜெகதாம்பாள் அத்தை. குனிந்து சின்னப்பொண்ணுவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எங்க வூடு கீது. என் தம்பி வூடு. எழுந்திரு."

அப்பா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

*

அணுபுரம் வீட்டு வாசலில் கார் நின்றபோது அம்மா படியில் காத்திருந்தாள். வழியிலேயே ஜெஸ்ஸி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஆயரிடம் பேசி வீடியோவை நீக்கவைத்துவிட்டதாக அம்மா சொன்னாள். ஆனால் அதற்குள் யாரோ ஜெஸ்ஸி பேசிய துண்டை மட்டும் வெட்டி எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டார்களாம்.

சின்னப்பொண்ணு படியருகில் தயங்கினாள். "மீன் நாத்தம் அடிக்குதும்மா எம்மேல. நான் இப்பிடி வெளிய…"

அத்தை அவளைப் பார்த்தாள். வாசற்படியைப் பார்த்தாள். பிறகு சின்னப்பொண்ணுவின் கையை விடாமல், தானே முதலில் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

ஜெஸ்ஸி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இந்த ஒரு அடிக்காகத்தானே காலையில் அவள் பொய்யாக நிற்கவிருந்தாள்? பொய்யை விட்டபோது இதுவும் போய்விட்டது என்றல்லவா நினைத்தாள்? போகவில்லை. வேறு எங்கோ சுற்றி, ஒரு முன்பின் தெரியாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, இதோ உள்ளே வருகிறது. இப்படி நடக்கும் என்று எந்த மனுஷனால் கணக்குப் போட முடியும்? அவளுக்கு மண்டியிட வேண்டும்போல் இருந்தது. அப்பா கேட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

உள்ளே போன அத்தை கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் சிலுவை. அதன் கீழே, அப்பா சின்ன வயசில் அக்காவின் இடுப்பில் உட்கார்ந்திருக்கும் பழுப்பேறிய படம். அதை ஒரு கணம் பார்த்தாள்.

"ரெஜினா" என்றாள். கல்யாணமானதிலிருந்து ஒரு தரம்கூட அவள் உச்சரிக்காத பெயர். "சோறு கீதா? இந்தப் பொண்ணு காலையிலருந்து ஒண்ணும் துன்னல."

"இருக்கு மதினி" என்றாள் அம்மா. கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் சமையலறைக்கு ஓடினாள்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். சின்னப்பொண்ணு முதல் கவளத்தை எடுத்தாள். அத்தை தன் இலையிலிருந்த அப்பளத்தை அவள் இலையில் வைத்தாள்.

ஜெஸ்ஸியின் போன் அடித்தது. தெரியாத எண். பாராட்டுகிறவர் யாரோ என்று எடுத்தாள்.

"வணக்கம்மா" என்றது ஒரு ஆண் குரல். ரொம்பப் பணிவான குரல். "கோயில்ல பேசின பொண்ணு நீதானே? பெரிய மனசும்மா உனக்கு. பொய்யே வராது வாயில. நீ சொன்ன அந்த மீன் கடைப் பொம்பள எனக்கு ரொம்ப வேண்டியவ. கடையில வந்து பாத்தா இல்ல. யாரோ கார்ல கூட்டினு போயிட்டாங்கன்றாங்க. எங்க கீறான்னு உனக்குத் தெரியுமாம்மா?"

குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும். சின்னப்பொண்ணுவின் கை இலையில் உறைந்தது. அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று.

தெரியாது என்று ஒரே ஒரு சொல். சொன்னால் முடிந்தது. அம்மா கரண்டியோடு நின்றாள். அத்தை கண் இமைக்காமல் அவளையே பார்த்தாள்.

ஜெஸ்ஸி எழுந்து நின்றாள். கடலுக்குள் பாய்ந்து போன அந்த முதுகு கண் முன்னால் வந்தது.

"தெரியும்" என்றாள். குரல் நடுங்கவில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. "ஆனா சொல்ல மாட்டேன். இனிமே அவங்களைத் தேடாதீங்க. அவங்க தனியா இல்ல."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு, அதே பணிவோடு ஒரு சிரிப்பு.

"அப்பிடியா? சரிம்மா. உங்க கோயிலு அணுபுரத்தாண்டதானே?"